மகளின் கூடாரமும் எங்கள் கிணறும்

என் மகள் கிறீன்லாந்துக்குப் போவதற்கு நான் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டேன். நான் வா என்று சொன்னால் வந்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. வேலை பாதியில் கிடந்தாலும் சரி, அடுத்து எந்த வாகனம் வருகிறதோ அதில் ஏறிவிட வேண்டும்.

இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி உம்மா. நீங்க வாண்டு சொன்னா வந்திருவன்."

"அல்லாஹ்வுக்காகச் சொல்லு."

"அல்லாஹ்வுக்காக. காணுமா? இனிச் சொதிய ஊத்தட்டா?"

எதிரே இருந்த அவளுடைய வாப்பா சிரித்தார். "மகள், நீ குடுத்தது வாக்கில்ல, றிமோட்டு. உம்மா இனிச் சும்மா இரிக்க மாட்டா. அமத்திக்கிட்டே இரிப்பா."

நான் சிரிக்கவில்லை. வாக்கு கிடைத்துவிட்டது. அது போதும்.

நான் கிழக்கிலங்கையில், கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். என் கணவர் மீன் வியாபாரி. சாய்ந்தமருதுக் கரையில் விடியலில் மீன் எடுத்து, ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்கி, லொறியில் வெளியூருக்கு அனுப்புகிறார். எங்கள் வீட்டில் எண்கள் என்னுடையவை, ஐஸ் அவருடையது. இரண்டையும் சேர்த்துக் குழைத்தால் மகளின் வேலை வரும். அவள் நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் பனியாறுகள் எப்படி நகர்கின்றன என்று ஆராய்கிறாள்.

இதை முதலில் கேட்டபோது அவளுடைய வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஐஸ் உருகும் மகள். நகராது. எத்தின வருஷமா அதோட கிடக்கிறன், எனக்குத் தெரியாதா?"

அது ஒரு பெருநாளுக்கு முந்திய நாள். அடுத்த வீட்டில் இருக்கும் என் தங்கை எங்கள் குசினியில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுத் தொதல் கிண்டி இறக்கியிருந்தாள். மகள் சூடு ஆறாத தொதலை ஒரு நீட்டுத் தட்டத்தில் ஊற்றினாள். அதன் குறுக்கே, ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும், கஜுப் பருப்புகளை நேர்கோடாக வைத்தாள். பிறகு தட்டத்தின் ஒரு முனையைத் தூக்கி நான் கணக்குப் போடும் தடித்த சீ.ஆர். கொப்பிகள் இரண்டை அடியில் செருகினாள். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு வந்து பார்த்தபோது கோடு வில்லாக வளைந்திருந்தது. நடுவில் இருந்த கஜு முன்னால் போயிருந்தது, கரையில் இருந்தவை ஒட்டிக்கொண்டு பின்னால் நின்றன.

"அந்தக் காலத்தில இதத்தான் செஞ்சாங்க," என்றாள் மகள். "ஐசுக்குக் குறுக்கால நேர்கோட்டில கம்பு நட்டாங்க. அடுத்த வருஷம் வந்து பாத்தா கோடு வளைஞ்சிரிக்கி. ஐஸ் ஒரு பெரிய தொதல் வாப்பா. சொந்தப் பாரத்தில மெல்லமா வழியிது."

இப்போதும் கம்புதான் நடுகிறார்களாம். ஆனால் சூடான நீராவியால் ஐஸில் துளை போட்டு நடுகிறார்கள். கம்பின் தலையில் ஒரு கருவி இருக்கும். அது வானத்தில் சுற்றும் செய்மதிகளைக் கேட்டுக் கேட்டு, தான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு விரல் அகலத்துக்குள் சொல்லிவிடும். சில இடங்களில் கொதிதண்ணீரைப் பாய்ச்சி அடிப்பாறை வரைக்கும் ஆழத் துளைக்கிறார்கள். அந்தத் துளையில் வெவ்வேறு ஆழத்தில் சாய்வு பார்க்கும் கருவிகளை இறக்கி உறைய விட்டால், மேல் ஐஸ் முந்துகிறதா, அடி ஐஸும் சேர்ந்து வழுக்குகிறதா என்று தெரியும். றேடாரை இழுத்துக்கொண்டு நடந்தால் கீழே ஐஸ் எவ்வளவு தடிப்பு என்று தெரியும். மனிதர் போக முடியாத இடங்களுக்குச் செய்மதிப் படங்கள். இந்த வாரம் எடுத்த படத்தையும் போன வாரம் எடுத்த படத்தையும் வைத்து, ஒரே வெடிப்பு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

என் தங்கை வாயில் தொதலோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவும் ஐஸ் ஓடுதாண்டு பாக்கவா?"

"ஓடல்ல சாச்சி. மெல்லமாப் போகுது."

"மெல்லமாப் போறத ஏன் புள்ள இவ்வளவு தூரம் போய்த் துரத்துற? அது வரும்தானே."

"அது வந்து கடலுக்குள்ள விழும் சாச்சி. வேகமா வந்தா கடல் உயரும். நம்மட கடலும்தான்."

அந்தச் சொல்லோடு நான் தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சுனாமி வந்தபோது அவளுக்கு ஏழு வயது. எங்கள் முதல் வீடு கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடும்போது அவளுடைய கை என் கைக்குள் இருந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் காலுக்குக் கீழே நிலம் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு கையும் இல்லை. யாரோ ஒரு மனிதர் அவளைத் தூக்கி ஒரு மாடிப் படியில் வைத்திருந்தார். மத்தியானம் தாண்டித்தான் கண்டேன். யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "உம்மா, நீங்க எங்க போன?" என்று கேட்டாள். தொலைந்தவள் நான்தான் என்பது அவளுடைய கணக்கு.

பிறகு நானும் தங்கையும் வயல் பக்கமாக, நற்பிட்டிமுனைக்குப் போகிற பாதையில், அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டோம். நடுவில் ஒரு மதில், மதிலின் நடுவில் ஒரு கிணறு. பாதி அவளுக்கு, பாதி எனக்கு. ஆனால் அவ்வளவு தூரம் வந்தும், மகள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு மணி நேரம் தெரியாவிட்டால் என் உள்ளங்கை வியர்க்கும். பாடசாலையில் மாணவிகளுக்கே தெரியும். "டீச்சர்ட கை வேர்க்குது, மகள் போன் எடுக்கல்ல போல," என்று பின்வாங்கில் கதைப்பார்கள்.

இந்த லட்சணத்தில் அவள் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஐஸின் மேல் கூடாரம் போட்டு இருக்கப் போனாள். அங்கே போன் இல்லை. செய்மதி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சிறு பெட்டி மட்டும். ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் அவள் ஒரு பொத்தானை அமத்த வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவள் படுக்கும் நேரம் எங்களுக்குச் சுபஹு, விடிகாலைத் தொழுகை நேரம். தொழுதுவிட்டுப் பாயை மடிக்கும்போது என் போன் ஒரு சத்தம் போடும். "சுகம்" என்ற ஒரு சொல், அதன் கீழே அவள் இருக்கும் இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும், தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கத்தோடு.

அந்த இலக்கங்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தேன். அறிவியலுக்காக அல்ல. எழுதினால் கை வியர்ப்பது நின்றது.

சில நாட்களில் இரண்டொரு வரி கூட வரும். நான் மருதமுனைக் கைத்தறிச் சிவப்புத் துணி வாங்கிக் கிழித்துக் கொடுத்திருந்தேன், கம்புகளில் கொடியாகக் கட்ட. தூரத்தில் இருந்தே தெரிகிறது என்று எழுதினாள். இன்னொரு நாள், "தொழுகைப் பாய் ஐசுக்குள்ள இறங்கிட்டு," என்று வந்தது. நான் வாங்கிக் கொடுத்த கரும்பச்சைப் பாய். வெயிலில் விரித்தபடி விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கடும் நிறம் சூட்டைக் குடிக்க, அடியில் ஐஸ் உருகி, பின்னேரம் வந்து பார்த்தால் பாய் நாலு விரல் கீழே போய்த் தண்ணீரில் கிடந்ததாம்.

நான் பதறிவிட்டேன். "பாயே கீழ போகுதெண்டா, புள்ள?"

"புள்ள கரும்பச்சையா?" என்றார் என் கணவர்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, கொப்பியில் இருந்த எண்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்டாங்கின் கடைசி இலக்கங்கள் ஒரே பக்கமாக மாறிக்கொண்டு போவது போல இருந்தது. படிப்பிக்கிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? கொசைன் போட்டு மீட்டராக்கினேன். வரைபுத் தாளில் புள்ளி வைத்தேன். புள்ளிகள் முன்னும் பின்னும் துள்ளின. ஆனால் மொத்தத்தில் கூடாரம் மேற்கே போய்க்கொண்டிருந்தது. வரைபடத்தை எடுத்து மேற்கே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கடல் இருந்தது.

அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுபஹுக்கு வந்த எண்ணைக் கணக்குப் போட்டேன். ஒரே நாளில் ஏழு மீட்டர் கடல் பக்கமாக.

ஏழு மீட்டர் என்றால் எங்கள் முன்வாசலில் இருந்து பாதை வரைக்கும். படுத்திருந்த பிள்ளையை நிலம் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, அவளுக்கே தெரியாமல். கணவர் கரைக்குப் போயிருந்தார். ஆலோசனை கேட்க ஆள் இல்லை. கேட்டிருக்கவும் மாட்டேன். போனை எடுத்து அடித்தேன்: "உன் கூடாரம் கடலுக்குப் போகுது. வா."

அனுப்பிய பிறகு வாசற்படியில் இருந்தேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"உம்மா பயப்பட வாணாம். கூடாரம் ஐசில கட்டின இடத்திலதான் இரிக்கி. ஐஸ்தான் எங்களையும் கொண்டு போகுது. அத அளக்கத்தானே வந்த. ஆனா சொன்ன சொல் சொன்ன சொல்தான். வெள்ளிக்கிழமை ஹெலி சாமான் கொண்டு வருது. அதில வாறன்."

ஒரு குறைபேச்சும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மீன் வாசத்தோடு வந்த கணவரிடம் போனை நீட்டினேன். வாசித்தார். முதலில் சிரிப்பு வந்தது, கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"றிமோட்ட அமத்திட்டியா?"

"அமத்திட்டன்."

"அப்ப மற்றப் புள்ள?"

முகாமில் இருந்தது அவளும் இன்னொரு பெண்ணும்தான். வெடிப்புகள் உள்ள ஐஸில் இருவரும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். ஒருத்தி விழுந்தால் மற்றவள் பிடிக்க. தனியாக ஒருத்தி வேலை செய்ய முடியாது. ஆகவே என் மகள் ஹெலியில் ஏறினால் அந்தப் பெண்ணும் ஏற வேண்டும். கடைசிக் கிழமையில் கம்புகள் எல்லாவற்றையும் இன்னொரு முறை அளந்தால்தான் கணக்கு முடியும். அதை அளக்காமல் வந்தால் அந்த வருடத்து வேலை முழுக்கப் பாழ்.

"வராத எண்டு போட்டு விடு. இப்பவே போடு," என்றார்.

"ஏழு மீட்டர் இழுத்திரிக்கி. நாளைக்கு எழுபது இழுத்தா? பயமில்ல எண்டுதான் அவ எப்பவும் சொல்லுவா. சொல்ல நான் நம்புறல்ல. எண்ணத்தான் நம்புற."

"ஐச நீ நம்ப வாணாம். ஐச எனக்குத் தெரியும். நாளைக்கு வாடிக்கு வா."

திங்கள் பாடசாலை விட்டதும், கரையில் அவர் மீன் அடுக்கும் வாடிக்குப் போனேன். அவர் எனக்காக ஒரு பலகையைச் சரிவாக வைத்திருந்தார். அதன் மேல் தொழிற்சாலையில் இருந்து வந்த கையோடு ஒரு முழு ஐஸ் கட்டி. காய்ந்த ஐஸ் பலகையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"பாத்தியா? கல்லு மாதிரி. தள்ளிப் பாரு."

தள்ளினேன். அசையவில்லை. மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. "இனி அடியில கொஞ்சம் தண்ணி வரும். அப்ப மெல்லமா, மெல்லமா…" என்று அவர் கையால் காட்டிக்கொண்டிருக்கும்போதே, அடியில் தண்ணீர் கசிந்த ஐஸ் கட்டி ஒரே வழுக்கலாக வழுக்கி, பலகையை விட்டுப் பறந்து, சீமெந்தில் விழுந்து நொறுங்கியது. ஒரு துண்டு என் செருப்பில் வந்து மோதியது.

வாடியில் வேலை செய்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது… பலக சரிவு கூடிப் போச்சி," என்றார் என் கணவர்.

"அல்லாஹ்வே, இதக் காட்டவா என்னக் கூப்பிட்ட?"

"ஆறுதல் சொல்லத்தான் புள்ள கூப்பிட்ட. ஐஸ் சொல்லுக் கேக்கல்ல."

வரும் வழியெல்லாம் அந்த ஏழு மீட்டரையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் ஒன்று பட்டது. தராசில் சந்தேகம் வந்தால் நிறை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்தச் செய்மதி எண்களுக்கு நான் அப்படி ஒரு படிக்கல்லை வைத்துப் பார்க்கவே இல்லையே. அசையாத ஒன்றை அளந்தால் அது எவ்வளவு துள்ளுகிறது? முதலில் அது தெரிய வேண்டாமா? அசையாதது என்று நான் சத்தியம் பண்ணக்கூடிய பொருள் என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

மிஞ்சியிருந்த சிவப்புத் துணியில் ஒரு துண்டை எடுத்துக் கிணற்றுக் கப்பித் தூணில் கட்டினேன். ஒவ்வொரு முறையும் போனை அந்த முடிச்சுக்கு நேரே வைத்து எண்ணை எடுப்பது என்று முடிவு செய்தேன். எப்போது எடுப்பது? அதற்கு நேரசூசி தேவைப்படவில்லை. ஐந்து வக்தும் தொழுதவுடன் ஒரு தடவை. கொப்பியின் மறுபக்கத்தில் ‘கிணறு’ என்று தலைப்பு எழுதினேன். மகளின் பெட்டியும் என் போனும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் இரண்டும் கேட்பது அதே செய்மதிகளைத்தானே.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அசருக்குப் பிறகு மதிலுக்கு மேலே தங்கையின் தலை வந்தது.

"ராத்தா, நேத்தையில இருந்து பாக்கிறன். கிணத்துக்குப் போனக் காட்டுறீங்க. கிணத்தோட வீடியோக் கோலா?"

"கிணறு எங்க இரிக்கி எண்டு பாக்கிறன் கா."

"எங்க இரிக்கி?"

"இப்ப மூணு மீட்டர் வடக்கால."

அவள் எட்டிக் கிணற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மச்சானுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"மகளுக்குச் சீதனத்துக்கு மேல்மாடி கட்டி வச்சிரிக்கீங்க. மகள் ஐசில கூடாரத்தில. உம்மா கிணத்தடியில போனோட. நல்ல குடும்பம் ராத்தா."

சிரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு அது.

அன்று பொழுதுபட மஃரிபுக்கு எடுத்த எண்ணுக்கும் இரவு இஷாவுக்கு எடுத்த எண்ணுக்கும் இடையில் கிணறு எட்டு மீட்டர் பாய்ந்திருந்தது. வரைந்து பார்த்தேன். அது தங்கையின் குசினிக்குள் போய் இருந்தது. மறுநாள் அவளிடம் சொன்னேன்.

"அப்பக் கிணறு முழுக்க எனக்குத்தானே?" என்றாள். "பேச்சு மாறக் கூடாது. எண் இரிக்கி உங்களிட்ட."

"சுபஹுக்குத் திரும்பி வந்திட்டு."

"ஓ, அது வந்திரும். உங்கட பக்கத்துக் கிணறுதானே."

வியாழன் மத்தியானம் லுஹர் வரைக்கும் பதினாறு எண்கள். இரண்டு வரைபுத் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்தேன். கிணற்றின் புள்ளிகள் எல்லாப் பக்கமும் துள்ளியிருந்தன. மூன்று மீட்டர், ஐந்து மீட்டர், ஒரு முறை எட்டு. ஆனால் எவ்வளவு துள்ளினாலும் ஒரே இடத்தைச் சுற்றித்தான், கட்டிப் போட்ட ஆடு மேய்கிற மாதிரி. மகளின் கூடாரமும் அதே அளவுக்குத்தான் துள்ளியிருந்தது. அந்த ஏழு மீட்டர் ஐஸின் பாய்ச்சல் இல்லை, எண்ணின் துள்ளல். ஆனால் கூடாரத்தை ஆடு என்று வைத்தால், அதன் கட்டுத்தறியே நடந்துகொண்டிருந்தது. துள்ளலை எல்லாம் ஒதுக்கி நடுவால் ஒரு கோடு போட்டேன். நாளைக்கு ஒரு மீட்டர் அளவில், ஒரே சீராக. முதல் கிழமையும் அதே, இந்தக் கிழமையும் அதே. ஓட்டமும் இல்லை, சறுக்கலும் இல்லை. மனிதர் பார்த்தால் தெரியாத நடை.

வரைபடத்தில் கடலுக்கு உள்ள தூரத்தை அளந்தேன். இருபது கிலோமீட்டர். வகுத்தேன்.

கணவர் சாப்பாட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "இஞ்சேருங்க," என்றேன். "புள்ளட கூடாரம் கடலுக்குப் போய்ச் சேர ஐம்பத்தஞ்சு வருஷம் செல்லும்."

அவர் ஈரக் கையோடு வந்து தாளைப் பார்த்தார். கணக்குப் புரிந்ததோ இல்லையோ, என் முகம் புரிந்தது.

"ஐம்பத்தஞ்சா? அதுக்கிடையில மேல்மாடிக்குப் பெயின்ட் அடிச்சி முடிச்சிரலாம்."

அசர் தொழுதுவிட்டுப் போனை எடுத்தேன். மூன்று முறை அடித்து மூன்று முறையும் அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை வா என்பதை ஒரே மூச்சில் அடித்திருந்தேன். கையை விடுவதற்குத்தான் நேரம் எடுக்கிறது. பிடிக்க யாருக்கும் நேரம் எடுப்பதில்லை போல. கடைசியில் அனுப்பினேன்: "வராத. கிணறு துள்ளுது, நடக்கல்ல. நீ துள்ளுறாய், நடக்கிறாய். ஒரு நாளைக்கு ஒரு மீட்டர். வேலைய முடிச்சிட்டு வா."

உடனே பதில் வந்தது. அவளுக்கு அது காலை, எழும்பியிருக்க வேண்டும்.

"உம்மா, என்ன கிணறு?"

அதற்குப் பிறகு ஒரு நிமிடத்தில், "எந்தக் கிணறு எண்டாலும் அல்ஹம்துலில்லாஹ்," என்று இன்னொன்று.

நாலு கிழமை கழித்து வீட்டுக்கு வந்தாள். வெயிலில் முகம் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. "எங்கட புள்ளய எருமக் கண்டு மாதிரி ஆக்கி அனுப்பியிரிக்காங்க," என்றாள் என் தங்கை. மூட்டையில் இருந்து அழுக்கேறிய தொழுகைப் பாயையும், வெளுத்து ரோசாவாகிப் போன ஒரு கைத்தறித் துண்டையும் வெளியே எடுத்தாள். பிறகு, "கொப்பி எங்க?" என்று கேட்டாள்.

கொடுக்க வெட்கமாக இருந்தது. சமையல்காரனிடம் போய்ச் சோறாக்கிக் காட்டுகிற மாதிரி. அவள் மேசையில் மடிகணினியைத் திறந்து, கூடாரத்துக்குப் பக்கத்துக் கம்பில் இருந்த கருவியின் கோட்டை எடுத்தாள். அது ஒரு துள்ளலும் இல்லாத, நூல் பிடித்த கோடு. என் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி அதற்கு மேலே போட்டாள். என் புள்ளிகள் அந்த நூலைச் சுற்றித் தும்பிகள் போலப் பறந்தன. நடுக்கோடு மட்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு போனது. என்னுடையது கொஞ்சம் குறைவு.

"கொஞ்சம் குறையிதே," என்றேன்.

"உம்மா, போனையும் கிணத்தையும் வச்சி நீங்க பனியாறு அளந்திரிக்கீங்க. கொஞ்சம் குறையிதாம்." கொப்பியின் மறுபக்கத்தைத் திருப்பினாள். ‘கிணறு’ என்ற தலைப்பின் கீழே இருந்த எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். பிறகு சொன்னாள். "நாங்களும் ஐசுக்குப் பக்கத்தில, அசையாத பாறையில ஒரு கருவி வச்சித்தான் மத்ததெல்லாம் சரி பாக்கிற. உங்களுக்கு ஆர் சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. கால் கழுவினன்."

அப்போதுதான் மற்றதையும் சொன்னாள். நான் வா என்று அனுப்பியதும் பையைக் கட்டி வைத்துவிட்டாளாம். கூட இருந்த பெண் நாலு நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கயிற்றில் மட்டும் ஒன்றாக நடந்தார்களாம். வராதே என்று வந்ததும் அந்தப் பெண் கூடாரத்துக்கு வெளியே ஓடி, ஐஸில் குதித்துக் குதித்து ஆடி, கிணறு என்றால் என்ன என்று கேட்டுத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாளாம்.

"உண்மையா ஏறியிரிப்பியா மகள்?" என்று அவளுடைய வாப்பா கேட்டார்.

"ஏறியிரிப்பன். உம்மா ஒருக்காக் கைய விட்டுட்டு இவ்வளவு காலமும் படுறாவே. நானும் விட்டா?"

அவளுடைய வாப்பா மூக்கை உறிஞ்சினார். மதிலுக்கு அப்பால் இருந்து தங்கை, "சோறு ஆறுது, அழுறவங்க சாப்பிட்டுட்டு அழுங்க," என்றாள். அவள் எப்படிக் கேட்டாள் என்று தெரியாது. அந்த மதில் அவ்வளவுதான்.

இந்த வருடமும் போயிருக்கிறாள், அதே ஐஸுக்கு. கம்புகள் போன வருடத்து இடத்தில் இருக்காது, தேடிப் பிடிக்க வேண்டும் என்றாள். புதிதாகக் கிழித்த சிவப்புத் துணி கொடுத்தேன். பாய் இந்த முறை வெள்ளை. புறப்படும் காலையில் வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, "உம்மா, அல்லாஹ்வுக்காகச் சொல்லணுமா?" என்று கேட்டாள். கை வியர்க்கத்தான் செய்தது. அந்தக் கையாலேயே அவளுடைய முக்காட்டைச் சரி செய்தேன்.

"வாக்கு வாணாம். தசமம் அஞ்சும் பிழையில்லாம அனுப்பு. காணும்."

இன்று காலையும் சுபஹுக்குப் பிறகு எண் வந்தது. எழுதிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். தூணில் கட்டிய துண்டு மழையில் நைந்துவிட்டது, மாற்ற வேண்டும். மதிலுக்கு மேலே தலை வந்தது.

"ராத்தா, கிணறு எங்க இண்டைக்கு?"

"ரெண்டு மீட்டர் உன் பக்கம்."

"நல்லது. புள்ள?"

கொப்பியைப் பார்த்துச் சொன்னேன். "போய்க்கொண்டிரிக்கா."